தேய்த்து விடவும்

மார்ச் 10, திங்கள்

எங்கள் கம்பெனி கறுப்பாகப் பிறந்தவர்களின் பயத்தை டியூபில் அடைத்து விற்கிறது. அங்கேதான் வேலை செய்கிறேன்; தெரிந்துதான் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பிஸ்கட் கம்பெனிக்கும் போல்ட் கம்பெனிக்கும் நடுவே தகரக் கூரை போட்ட கட்டடம். ஒரே தொட்டியில் கலக்கி, மூன்று பெயர்களில் மூன்று விலைகளில் ஊற்றுகிறோம். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த நான் தரச்சோதனை லேபில் உட்கார்ந்து, நுரை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன். மே மாதம் வேலையை நிரந்தரம் செய்கிறார்களாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இன்று மார்க்கெட்டிங் பிரணவ் லேபுக்குள் வந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் மார்க்கெட்டில் நுழைகிறவன் மாதிரிதான் எப்போதும் வருவான்.

"மொழி, நீங்க தமிழ் சூப்பரா எழுதுவீங்களாமே?"

"யார் சொன்னா?"

"பேரே மணிமொழின்னு இருக்கே!"

அப்பா கட்சிக்காரர். எனக்கு மணிமொழி, தங்கைக்குச் சுடர்க்கொடி என்று பெயர் வைத்ததைத் தவிர அவர் உருப்படியாகச் செய்த வேறு காரியம் எனக்கு நினைவில்லை. செத்தும் ஏழு வருடமாகிறது. அந்தப் பெயரால் இப்போது எனக்குக் கூடுதல் வேலை.

புதுச் சரக்கு வருகிறது. 'தூவெழில்' ஜென்டில் பிரைட்டனிங் ஃபேஸ் வாஷ். டியூபின் பின்பக்கத்துக்குத் தமிழில் எழுத வேண்டும். அதோடு, வெப்சைட்டுக்கு 'உள்ளே என்ன இருக்கிறது?' என்று ஒரு பக்கம். ஒவ்வொரு பொருளையும் எளிமையாக விளக்க வேண்டும்.

"ரொம்ப சயின்ஸ் வேணாம். நம்ம வீட்டுப் பொண்ணுக்குச் சொல்ற மாதிரி, ஃப்ரெண்ட்லியா."

எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். சுடர் புரசைவாக்கத்தில் ஒரு நகைக்கடையில், மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் மோதிரங்களுக்கு நூலில் விலைச் சீட்டுக் கட்டுகிறாள். அந்த அறையில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் கறுப்பு. கீழே கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டி நிற்கிறவர்களில் ஒருத்திகூடக் கறுப்பில்லை. அட்சய திருதியைக் கூட்டத்துக்காகக் கவுண்டருக்கு மாடியிலிருந்து இரண்டு பேரை இறக்கப்போகிறார்களாம். ஏப்ரல் 16 அன்று தேர்வு. கவுண்டருக்குப் போனால் கமிஷன் உண்டு, சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுடர் இப்போது சோற்றில் கைவைத்தபடி யோசிப்பது அது ஒன்றைத்தான்.

ஃப்ளோர் இன்சார்ஜ் ஹேமா மேடம் அவளிடம் சொல்லியிருக்கிறாள்: "உனக்குப் பேச்சு நல்லா வருதும்மா. முகம் மட்டும் கொஞ்சம் தெளியணும். கவுண்டர்ல லைட் அடிக்குது இல்ல?"

தெளியணுமாம். சேற்றுத் தண்ணீரா அவள் முகம்?

மார்ச் 12, புதன்

காலையில் குக்கர் கேஸ்கட் போய்விட்டது. கஞ்சி குடித்துவிட்டு ஓடினேன்.

தூவெழிலின் பொருட்களைச் சகாயராஜ் சாரிடம் கேட்டு எழுதினேன். அவர்தான் கலவை தயாரிப்பவர். எதையும் நம்பாத மனிதர், அவர் தயாரிப்பது உட்பட.

முதலில் தண்ணீர். முக்கால் பாகத்துக்கும் மேல் அதுதான். பிறகு தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த நுரைக்கும் பொருட்கள். அழுக்கை எடுப்பவை இவைதான்; 'ஜென்டில்' என்பது இவை மற்ற நுரைகளைவிடக் குறைவாகக் கடிக்கும் என்பதற்கான நாகரிகமான சொல். பிறகு கிளிசரின்: நுரை பிடுங்கிய ஈரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்க. முத்து மாதிரி மின்ன ஒரு மெழுகுச் சரக்கு. அது மின்ன வைப்பது டியூபில் இருக்கிற திரவத்தை, முகத்தை இல்லை. நயாசினமைடு என்கிற வைட்டமின் பி3. அதிமதுரச் சாறு. மஞ்சள் சாறு. புளிப்பைச் சரிசெய்ய சிட்ரிக் ஆசிட். கெடாமல் இருக்க ஒன்று. வாசனைக்கு ஒன்று.

"சார், மஞ்சள் எவ்வளவு போடறோம்?"

"டப்பாவைத் தொட்டி மேல திறந்து காட்டிட்டு மூடிருவோம்மா."

"சார்!"

"ஏறக்குறைய அவ்ளோதான்."

"அப்ப ஏன் லிஸ்ட்ல பிரிசர்வேட்டிவுக்கு முன்னாடி நிக்குது? கெடாம இருக்கப் போடறது அதைவிட அதிகமாச்சே. அதிகமா இருக்கறதைத்தானே முதல்ல எழுதணும்?"

"ஒரு பர்சென்ட்டுக்குக் கீழ வந்துட்டா யாரை வேணா முன்னாடி எழுதலாம். சட்டமே அதுதான். நாட்டுலயே அங்க மட்டும்தான் எல்லாரும் சமம்."

சிரித்தேன். வீட்டுக்கு வரும்போது கோபம் வந்தது. மஞ்சள் என்ற ஒரு சொல்லுக்காகவே டியூபைத் தூக்குவார்கள் நம் பெண்கள்.

மார்ச் 14, வெள்ளி

பிரணவுக்குக் கொடுத்த முதல் வரைவு:

"இதில் பெரும்பகுதி தண்ணீர். உங்கள் வீட்டுக் குழாயிலும் வரும், தண்ணீர் விடுகிற நாட்களில். அடுத்தது நுரை. அழுக்கை எடுக்கும், நிறத்தை எடுக்காது. மஞ்சள், அதிமதுரம் இரண்டும் பெயருக்கு இருக்கின்றன. பிரைட்டனிங் என்றால் அழுக்குப் போன முகம் அழுக்கில்லாமல் தெரிவது."

படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தான். "மொழி, நீங்க நம்ம கம்பெனில வேலை பாக்கறீங்களா, இல்ல எதிர்க் கம்பெனிலயா?"

"எதுல பொய் இருக்கு, சொல்லுங்க."

"பொய் இல்ல. அதான் பிரச்சனை."

திருத்தி எழுதித் தரச் சொன்னான். மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டேன்: "நான் பொய் எழுத மாட்டேன்." லேபில் எல்லோரும் பார்த்தார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

தண்ணீர் லாரிக்காகக் காலையிலிருந்து குடங்களோடு நின்றோம். சுடர் நிழலில் நின்றாள். வெயிலில் வந்து குடத்தைப் பிடி என்றால், "கறுத்துடுவேன்" என்கிறாள். நானும் அம்மாவும் தூக்கினோம்.

மத்தியானம் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் வெப்சைட்டில் 'விரைவில்' என்று போட்டிருக்கிறார்கள்.

"அக்கா, இதுல வைட்டமின் பி3 இருக்காமே. நிஜமா வேலை செய்யுமா?"

"க்ரீமா இருந்தா, மாசக்கணக்குல போட்டா, கொஞ்சம். இது ஃபேஸ் வாஷ்டி மக்கு. போட்ட ஒரு நிமிஷத்துல கழுவிடுவ. தோல்ல நின்னாத்தான எதுவும் வேலை செய்யும்? அத்தனையும் சாக்கடைக்குப் போகுது. கொஞ்ச நாள்ல பாரு, நம்ம தெரு சாக்கடை பளபளன்னு ஆயிடும்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சுடர் சிரிக்கவில்லை. "தோல்ல நிக்கணும்" என்று மட்டும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள். சொல்வதை அவள் எப்போதும் பாதிதான் காதில் வாங்குவாள்.

"உனக்கு எதுக்குடி இதெல்லாம்? கறுப்பா இருந்தா என்ன? நிமிர்ந்து நில்லு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

ஜெயித்தேன்.

டியூபின் முன்பக்கத்தில் 'வெண்மை' என்று போட வேண்டும் என்பது பிரணவின் திட்டம். 'இயற்கை வெண்மை'. மீட்டிங்கில், முதலாளி முன்னால், எழுந்து நின்று சொன்னேன்: "அந்தச் சொல்லைப் போட்டா என் தமிழ் எதுவும் அந்த டியூப்ல இருக்காது."

"அப்ப என்ன போடலாம்?" என்று முதலாளியே கேட்டார்.

"பொலிவு."

வாயில் போட்டுச் சுவைத்துப் பார்க்கிறவர் மாதிரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "இது இன்னும் நல்லா விக்கும்யா" என்றார்.

எப்படியோ. வெண்மை போனது. வெளியே வரும்போது சகாயராஜ் சார் கைகொடுத்து, "பேரை மாத்திட்டம்மா, சரக்கு அதேதான்" என்றார். அவருக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. அவர் மாதிரி ஆட்களால்தான் இந்த நாடு இப்படி இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

டியூபின் டிசைன் வாட்ஸாப்பில் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு பார்த்தேன். முன்பக்கத்தில் 'பொலிவு', பெரிய எழுத்தில், அழகாக. பின்பக்கத்தில் இடம் போதவில்லை என்று உபயோகிக்கும் முறையில் ஏதோ குறைத்திருக்கிறார்கள். ஓகே என்று அனுப்பிவிட்டேன்.

யூனிஃபார்ம் கோட்டைத் துவைக்க வேண்டும். காலரில் மஞ்சள் கறை.

மார்ச் 27, வியாழன்

சரக்கு வந்துவிட்டது. ஊழியர்களுக்கு ஆளுக்கு இரண்டு டியூப் இலவசம். எறியவா முடியும்? வீட்டு மேஜையில் வைத்தேன். சுடருக்கென்று கொண்டுவரவில்லை. மேஜை எல்லோருக்கும் பொது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சுடர் பேசும்போது வாயை முழுசாகத் திறப்பதில்லை. சிரிக்கவும் மாட்டேன் என்கிறாள். நான் வெயிலைப் பற்றிச் சொன்னதில் இன்னும் கோபம் போலிருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

'உள்ளே என்ன இருக்கிறது?' பக்கத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். பொய் எதுவும் எழுதவில்லை. "மஞ்சளின் மரபு", "அதிமதுரத்தின் இதம்" என்று எழுதினேன். மஞ்சளுக்கு மரபு உண்டு, அதிமதுரத்துக்கு இதம் உண்டு; எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துக்கு ஒரு முகம் வேண்டுமாம். பிரணவ், "மாடலுக்கு எதுக்குச் செலவு? மொழி, உங்க ஸ்கின் டோனே போதும், ஃபில்டர்கூட வேணாம்" என்றான். அசிங்கமான ஆள். என் மூஞ்சியை வைத்தா இவன் சரக்கு விற்பது என்று கேட்டுவிட்டேன்.

கன்னம் மட்டும்தான் தெரியும், பெயர் வராது என்றான். யார் என்று யாருக்கும் தெரியாது. வேலை நிரந்தரமாகும் நேரத்தில் சின்ன விஷயத்துக்கெல்லாம் முறைத்துக்கொண்டு நிற்க முடியாது. பத்து நிமிட வேலை.

ஏப்ரல் 7, திங்கள்

சுடர் துள்ளிக்கொண்டு வந்தாள். ஹேமா மேடம் லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "பரவாயில்லையே, களை வந்திருக்கே! இன்னும் கொஞ்சம்" என்றாளாம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. இதற்கு ஒருத்தி சந்தோஷப்படுகிறாள்!

முகம் உண்மையிலேயே மினுமினு என்று இருந்தது. தோலை இழுத்துக் கட்டின மாதிரி.

"முகம் ஏண்டி இப்படி இருக்கு?"

"வேலை செய்யுதுக்கா" என்றாள்.

அம்மா சமையலறையிலிருந்து, "இறுக்குதுன்னா உள்ள இழுக்குதுன்னு அர்த்தம். கடலமாவு போட்டாக்கூட இப்படித்தான் இறுக்கும்" என்றாள். இவர்களோடு கெமிஸ்ட்ரி பேசுவது வீண். ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான் படித்த காலத்திலிருந்து ரூம் என்னுடையது. அவர்கள் இருவரும் கூடத்தில் படுப்பார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

சுடரின் முகம் வெந்துவிட்டது.

காலையில் அம்மா கத்தினாள். ஓடிப் பார்த்தேன். இரண்டு கன்னமும் சிவந்து வீங்கி, மூக்கோரத்தில் தோல் உரிந்து நீர் கசிகிறது. உதட்டின் ஓரம் வெடித்திருக்கிறது.

"என்னத்தடி போட்ட?"

"உன் ஃபேஸ் வாஷ்தான்."

"அதைப் போட்டா இப்படி ஆகாது. கழுவினியா?"

அம்மாதான் சொன்னாள்: "ராத்திரி தேச்சிட்டுப் படுப்பா, காலையில கழுவிடுவா. மொதநாள்லேந்து அப்படித்தான். நான்தான் ரெண்டு கை போட்டுக்கோன்னு சொன்னேன்."

நுரைக்கும் பொருளை இராத்திரி முழுக்க முகத்தில் காயவிட்டிருக்கிறாள். மார்ச் மாதத்திலிருந்து. தினமும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "துணி சோப்பை முகத்துல காய வெச்சா இப்படித்தாம்மா ஆகும். தொத்து இல்ல, பயப்படாதீங்க. புண்ணு ஆறிடும். ஆனா ஆறின இடத்துல கறுந்திட்டு விழும். அது மறைய மாசக்கணக்காகும்" என்றார்.

அவர் சொன்ன கடைசி வாக்கியத்துக்குத்தான் சுடர் அழுதாள்.

ஆட்டோவில் கேட்டேன். "அறிவு இருக்கா உனக்கு? டிகிரி படிச்சவதானே நீ?"

"நீதானக்கா சொன்ன, தோல்ல நின்னாத்தான் வேலை செய்யும்னு. டியூப்லயும் அப்படித்தான் போட்டிருந்துச்சு."

"என்ன போட்டிருந்துச்சு?"

"தேய்த்து விடவும்னு. தேச்சேன். விட்டுட்டேன்."

"கீழ இங்கிலீஷ்ல கழுவணும்னு இருக்கே, அதைப் படிக்கலையா?"

"தமிழ்ல எழுதினது நீன்னு சொன்ன. அதான் தமிழைப் படிச்சேன்."

ஏப்ரல் 12, சனி

நான் எழுதிய வாக்கியம் இது: 'முகத்தில் மென்மையாகத் தேய்த்து, உடனே தண்ணீரில் கழுவி விடவும்.'

டியூபில் இருப்பது இது: 'முகத்தில் மென்மையாகத் தேய்த்து விடவும்.'

டிசைனருக்குத் தமிழ் தெரியாது. இடம் வேண்டும் என்று நடுவிலிருந்து மூன்று சொற்களைப் பிடுங்கியிருக்கிறான். முன்னும் பின்னும் இருந்தவை ஒட்டிக்கொண்டன, தையல்கூடத் தெரியாமல்.

இலக்கணப்படி பார்த்தால் தவறு இல்லை. 'சாப்பிட்டு விடு' என்றால் சாப்பிட்டு முடி என்று அர்த்தம்; சாப்பாட்டை அப்படியே விட்டுவிடு என்று எந்த முட்டாளும் புரிந்துகொள்வதில்லை. 'தேய்த்து விடவும்' என்றால் தேய்த்து முடிக்கவும். அதற்குப் பிறகு கழுவ வேண்டும் என்பது சாதாரண அறிவு. ஃபேஸ் வாஷ் என்று பெயரிலேயே இருக்கிறது.

ஓகே சொன்னது நான்தானே என்று பிரணவ் கேட்கலாம். ஓடுகிற பஸ்ஸில், போனில், அந்த எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும்? சுடரிடமும் இதைத்தான் சொன்னேன்.

அம்மா வெள்ளரிக்காய் அரைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் எதையும் போடக் கூடாது என்றாரே என்று கத்தினேன். கிண்ணத்தோடு திரும்பிப் போனாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. விடுமுறை. வடை சுடவில்லை.

சுடர் கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறாள். நான் தலை வார வேண்டியிருந்தது, திருப்பினேன். மறுபடியும் திருப்பி வைத்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பிரணவிடம் நேருக்கு நேர் சொன்னேன். "டியூப்ல தமிழ் வரி தப்பா இருக்கு. கழுவணும்ங்கறதே இல்ல. சரக்கைத் திருப்பி எடுங்க, இல்ல ஸ்டிக்கராவது ஒட்டுங்க."

டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

"யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"இல்ல. பொதுவா சொல்றேன்."

"அப்ப அடுத்த பிரிண்ட்ல பாத்துக்கலாம். கவலைப்படாதீங்க, யாரும் பின்பக்கத்தைப் படிக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "முதலாளி உங்க பக்கத்தை ரொம்ப ரசிச்சாரு. லேப்லேந்து எங்க டீமுக்கு வந்துடறீங்களா? மே வரைக்கும்கூட இல்ல, இந்த மாசமே கன்ஃபர்ம் பண்ணிடலாம்" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

'இல்ல' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டு விஷயத்தை ஆபீஸில் கலக்கக் கூடாது. தனிப்பட்ட கோபம் என்று நினைத்து, சொல்வதற்கு மதிப்பில்லாமல் செய்துவிடுவார்கள்.

ஏப்ரல் 16, புதன்

போக வேண்டாம் என்றேன். போனாள். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய.

மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டாள். ஹேமா மேடம் துப்பட்டாவை எடுக்கச் சொல்லி, பார்த்து, இரண்டடி பின்னால் போய், "ஐயோ, என்னம்மா இது? தொத்திக்கப் போகுது! கவுண்டரை விடு, மாடிக்கும் போகாதே. எல்லாம் ஒரே தட்டுல சாப்பிடற பொண்ணுங்க" என்றாளாம். கவுண்டருக்கு வேறு இரண்டு பேரை எடுத்துவிட்டார்கள். சுடருக்கு இப்போது சீட்டுக் கட்டுகிற வேலையும் நிச்சயமில்லை.

எனக்கு இரத்தம் கொதித்தது. அம்மா முன்னால் சொன்னேன்: "இவங்களை எல்லாம் சும்மா விடக் கூடாது. நேரா கடைக்குப் போய் நாலு பேர் முன்னாடி கேக்கணும். பயப்படறதாலதான் ஏறி மிதிக்கறாங்க." சுடர் சுவரோரமாகப் படுத்திருந்தவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

சுடர் டாக்டர் சீட்டைக் கடையில் காட்டினாள். ஹேமா மேடம் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சீட்டு யார் வேணா எழுதி வாங்கிட்டு வருவாங்க. எந்தக் கம்பெனி ஃபேஸ் வாஷ்னு சொல்ற? அந்தக் கம்பெனிக்காரங்களை வந்து சொல்லச் சொல்லு, நம்பறேன்" என்று சொல்லிச் சிரித்தாளாம். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்களாம். திங்கட்கிழமைக்கு மேல் ஆள் மாற்றிவிடுவார்களாம்.

நகைக்கடை முதலாளிகள் மனிதர்களே இல்லை. இதைப் பற்றி ஒரு நாள் விரிவாக எழுத வேண்டும்.

பிரணவ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான்: கன்ஃபர்மேஷன் லெட்டர் தயார், செவ்வாய்க்கிழமை கையெழுத்து.

ஏப்ரல் 20, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. துணி எல்லாம் அப்படியே கிடக்கிறது.

சாயங்காலம் டீ போட்டுக் குடித்தோம். சுடரின் கன்னத்தில் புண் காய்ந்துவிட்டது. டாக்டர் சொன்ன மாதிரியே அந்த இடத்தில் கறுப்பு விழுகிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு என்கூடக் கடைக்கு வா."

"எதுக்கு?"

"கம்பெனிக்காரங்களை வரச் சொல்லுன்னாங்க இல்ல? நீ கம்பெனிக்காரிதானே. ஐடி கார்டை மாட்டிக்கிட்டு வா. மேடம் முன்னாடி நின்னு, இது தொத்து இல்ல, எங்க டியூப்ல வரி தப்பு, அந்த வரிக்கு ஓகே சொன்னது நான்தான்னு சொல்லு. அவ்ளோதான்."

"அது அவ்ளோ சுலபம் இல்ல சுடர். அங்க யாராவது வீடியோ எடுத்துப் போட்டா? செவ்வாய்க்கிழமை எனக்குக் கையெழுத்து."

"எனக்குத் திங்கட்கிழமைக்கா."

"அந்தக் கடையில போய்ச் சீட்டுக் கட்டறதுக்கா இவ்வளவு? அவங்க உன்ன மதிக்கறாங்களா? வேற வேலை தேடு. உன் நிறத்தைப் பார்க்காத இடமா."

"எங்க இருக்கு அந்த இடம்? உனக்குக் குடுப்பாங்க. நான் வேலை கேட்டுப் போற இடத்துல எல்லாம் உன்னை மாதிரி ஒருத்திதான் உக்காந்திருக்கா." பிறகு போனை எடுத்து எங்கள் வெப்சைட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். "இந்தக் கன்னம் யாருதுன்னு எனக்குத் தெரியாதா?"

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவத் தண்ணீர் இல்லை. சும்மா வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் ரூமுக்கு வந்துவிட்டேன். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. நகைக்கடைகளைப் பற்றி. களை, தெளிவு என்று சொல்லிச் சொல்லியே பெண்களை மாடியில் அடைத்துவைக்கிற இவர்களைப் பற்றி. அதை எங்கே தொடங்குவது என்று பார்க்கிறேன்.

கதவைச் சாத்த மறந்துவிட்டேன். சுடர் நிலைப்படியில் வந்து நிற்கிறாள். நான் நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ஒன்பதரைக்குக் கடை திறப்பாங்க. எட்டு மணிக்குக் கிளம்பணும்."

எழுதுகிறேன்.

"எல்லார் மூஞ்சிக்கு நேராவும் பேசற ஆளு நீ. வர்றேன்னாவது சொல்லு, மாட்டேன்னாவது சொல்லு. அக்கா. சொல்லு."